சாரலுக்கு வந்த பனி டயர்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். உழக்கில் எண்ணெய் அளந்து ஊற்றினால் உழக்கின் அடியைத் தடவிப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறுகிறவர் மூட்டையோடு வந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். "ஊருலே ஒருத்தரையும் நம்ப மாட்டீக, நான் ஆக்கிப் போடுத சோத்தை மட்டும் எப்படி நம்பித் திங்கீக?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். நம்பித் தின்றேன் என்று யார் அவளிடம் சொன்னது?

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் பஸ் ஒன்றில் நான் டிரைவர். யுத்தகாலம் முழுவதும் பெட்ரோலுக்குப் பதில் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடிய வண்டி. யுத்தம் ஓய்ந்ததும் பெட்ரோலாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் பட்டது. டயர் படவில்லை. மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போன நாளிலிருந்து ரப்பருக்குப் பிடித்த பஞ்சம் அப்போதும் விடவில்லை. டயர் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு, பெர்மிட் வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை வழுக்கை டயரில் சூட்டுக் கம்பியால் கோடு கீறி ஓட்டுவோம். பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், ஒரு கூழாங்கல் குத்தினால் வெடித்துவிடும். ஸ்டெப்னியைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுப் போட்டிருப்போம்.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. இந்தப் பக்கத்து டயருக்கு அந்தப் பக்கம் பெரிய கிராக்கி. எல்லையில் சுங்கச் சவுக்கையில் மூட்டையைப் பிரிப்பார்கள், கூடையைக் கொட்டிப் பார்ப்பார்கள். சக்கரத்தில் மாட்டியிருக்கிற டயரை யார் கேட்கப் போகிறார்கள்? நல்ல டயரில் மலையேறிப் போய், தேய்ந்த டயரில் இறங்கி வந்த லாரிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே என் சந்தேகத்துக்கு அந்தக் காலத்தில் தீனி குறைவில்லாமல் கிடைத்தது.

ஆடி மாதம் முதலாளி மதுரைக்குப் போய், பட்டாளத்து மிச்சச் சாமான்களை ஏலம் விட்ட இடத்திலிருந்து நான்கு டயர் கொண்டுவந்தார். பின் சக்கரம் இரண்டுக்கும் ஜோடி ஜோடியாகப் போட நான்கு. புத்தம் புதுசு. ஆனால் அப்படியொரு டயரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் டயரில் நீளவாக்கில் கோடு ஓடும். இதில் கட்டை கட்டையாக, அச்சு வெல்லத்தை வரிசையாக ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் போகும். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு டிராக்டருக்குச் செய்தது என்றார். முதலாளியின் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் ஸ்டோர்க்காரர் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தார். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. ஊரில் பட்டாளத்தார் என்பார்கள். அதே மாதம்தான் எங்கள் ஷெட்டில் ஸ்டோர் பார்க்கச் சேர்ந்திருந்தார். டயர் வந்த மாதமும் அவர் வந்த மாதமும் ஒன்றாக இருந்தது எனக்கு அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"இது பனியிலே ஓடுததுக்குன்னே செஞ்ச டயரு, மொதலாளி," என்றார். "இத்தாலி தேசத்துலே குளிரு தொடங்கிட்டுன்னா எங்க லாரிக்கெல்லாம் இதைத்தான் மாட்டுவோம். சாதாரண டயரு அந்தக் குளிருலே மாட்டுக் கொம்பு மாதிரி வெறச்சுப் போகும், ரோட்டைப் பிடிக்காது. இதோட ரப்பரு மெதுவு. நகத்தை வச்சு அமுக்கிப் பாருங்க."

முதலாளி அமுக்கிப் பார்த்தார். நானும் அமுக்கினேன். நகம் பதிந்தது.

"நடுவுலே பள்ளம் ஆழமா இருக்கு பாத்தீகளா? பனியோ சகதியோ அதுக்குள்ள போயி, சக்கரம் சுத்துத சுத்துலே வெளியே தெறிச்சிரும். ரப்பரு தரையை விடாது."

"அது சரி வே, இங்கன பனிக்கு எங்க போவ?" என்றார் முதலாளி.

"சாரல் இருக்கே மொதலாளி. குத்தாலத்து ரோட்டுலே தண்ணியும் எண்ணெயும் சேந்துல்லா ஓடுது. அது பனியை விட மோசம். தைரியமா மாட்டுங்க. ஆனா ஒண்ணு, வெயில் காலம் வந்தா கழட்டிரணும். சூட்டு ரோட்டுலே ஓட்டினா சவுக்காரக் கட்டி மாதிரி கரைஞ்சிரும். மாசியிலே கழட்டி ஸ்டோருலே வச்சிருவோம். திரும்ப ஆனி பொறந்து சாரல் விழுந்தா மாட்டிக்கிடலாம்."

எண்ணெய் பற்றி அவர் சொன்னது நிஜம். சீசனில் பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குளிக்க வருகிறவர்கள் தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் வழிய நடந்து போவார்கள். அது சொட்டி, அதன்மேல் சாரல் விழுந்து, கடைவீதி தாண்டிச் செங்கோட்டைப் பக்கம் திரும்புகிற இறக்கத்தில் ஒரு வளைவு முழுக்கப் பளபளவென்று கிடக்கும். அந்த வளைவில் எத்தனையோ தடவை வண்டி வழுக்கி ஒரு முழம் தள்ளிப் போய் நின்றிருக்கிறது. பனி டயரை மாட்டின முதல் நாள் அதே வளைவில் பிரேக்கைத் தொட்டேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அப்படி நின்றதே எனக்குப் பிடிக்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். இவ்வளவு நல்ல டயரை ஒருவன் கழற்றச் சொல்கிறான் என்றால் அவனுக்கு இதில் என்ன லாபம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கழற்றின டயர் எங்கே இருக்கும்? ஸ்டோரில். ஸ்டோருக்குச் சாவி எத்தனை? ஒன்று. அது யார் இடுப்பில் இருக்கிறது? நாலு மாதம் நான்கு டயரும் அவர் ஒருவர் கண்ணில் மட்டும் படும்படி இருட்டில் கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் லாரி ஒன்று வாரம் ஒரு முறை எங்கள் ஷெட் பக்கம் தண்ணீர் ஊற்ற நிற்கும். அதன் டிரைவரோடு இவர் பாதி மலையாளத்தில் சிரித்துப் பேசுவார். எனக்கு மலையாளம் அரைகுறை. புரியாத பேச்சில் நல்ல விஷயம் எதுவும் இருக்காது என்பது என் கட்சி.

பிறகு அவருடைய கால். இடது காலில் மூன்று விரல் கிடையாது. பனியில் போய்விட்டது என்பார். எங்களுக்குத் தெரிந்த பனி மார்கழிக் காலையில் புல் நுனியில் இருப்பது. அது எப்படி விரலைத் தின்னும்? டீக்கடையில் அவர் தலை மறைந்ததும், "எந்தக் கரும்புத் தோட்டத்துலே எவன் வெட்டினானோ" என்று சிரிப்பார்கள். முதலில் சிரிக்கிறவன் நானாக இருப்பேன். ஒரு நாள் அருவிக்கரையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டி நின்றபோது அருகில் போய்ப் பார்த்தேன். வெட்டுக் காயம் மாதிரி இல்லை. உருகி ஒட்டினது மாதிரி மழுங்கியிருந்தது. அப்போதும் சந்தேகம் தீரவில்லை, அரிவாள் இல்லையென்றால் தீக்காயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இந்த ஸ்டோர் வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காலோடு வயலில் உழ முடியாது, மூட்டை தூக்க முடியாது. பட்டாளத்தில் லாரி ஓட்டினவரை, கிளச்சை மிதிக்கிற கால் அது என்பதால், எந்த முதலாளியும் வண்டியில் ஏற்றவில்லை. டயரைத் தெரிந்தவர் என்று எங்கள் முதலாளி ஒருவர்தான் சேர்த்துக்கொண்டார். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். ஸ்டோர்க்காரனுக்கு முதல் சொத்து பெயர்தான். அது போனால் தென்காசியில் ஒரு வெற்றிலைக் கடையில்கூட நிற்கவிட மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் நான் குறி போட்டேன். கார்த்திகையில் ஒரு நாள், அவர் சாப்பிடப் போயிருந்தபோது, நான்கு டயரிலும் டயருக்கு ஒரு கட்டையின் முகத்தில் பேனாக்கத்தியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறினேன். மற்ற டிரைவர்கள் குறியைப் பக்கச் சுவரில் போடுவார்கள். திருடன் முதலில் அங்கேதானே பார்ப்பான்? தரையைத் தொடுகிற இடத்தில் போட்டால் எவனுக்கும் தோன்றாது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்கு எனக்கே என்னைப் பிடித்துப் போயிற்று.

மாசி பிறந்தது. பட்டாளத்தார் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, வெயிலு ஏறுது. இன்னிக்குக் கழட்டிருவோமா?"

"எதுக்கு அண்ணாச்சி? நல்லாத்தானே ஓடுது."

"ஓடும். அதான் சொல்லுதேன், நல்லா இருக்கும்போதே கழட்டணும். வெளியே பாருங்க, ரோடு காஞ்சு கெடக்கு. இதுக்கு இங்கன வேலை இல்லை. பழைய டயரு காஞ்ச ரோட்டுக்குப் போதும்."

அவர் ஒரு தீக்குச்சியை எடுத்துக் கட்டைகளுக்கு நடுவே செருகிக் காட்டினார். மருந்துத் தலை உள்ளே மறைந்தது. தலை வெளியே தெரிகிற நாளில் இது பனி டயர் இல்லை, வெறும் டயர்தான் என்றார். ஸ்டோரில் எங்கே வைப்பது என்றும் ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தார். வெளிச்சம் படாத மூலை, நிற்கவைக்கப் பலகை, மண்ணெண்ணெய் டின்னெல்லாம் எதிர்ச் சுவருக்கு. அவ்வளவு அக்கறை எனக்கு மேலும் உறுத்தியது. நேரே முதலாளியிடம் போனேன்.

"டயரு கண்ணு முன்னாலே ஓடட்டும் மொதலாளி. உருளுத டயரை எவனும் தூக்கிட்டுப் போக முடியாது. பூட்டி வச்சா யாரு பொறுப்பு?"

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். டயர் திருட்டு அந்த வருஷம் ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. பட்டாளத்தார் சொன்னது அவருக்கு இத்தாலி தேசத்துக் கதை. நான் சொன்னது தென்காசிக் கதை. "ஓடட்டும்லே," என்றார். பட்டாளத்தார் ஜாக்கியை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

பங்குனி போயிற்று. சித்திரையில் தார் இளகியது. டயர் ரோட்டில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் பக்கத்து ஊர் இலஞ்சி வரை கேட்கும். மாலையில் சக்கரத்தைத் தொட்டால் கை சுடும். ஷெட்டுக்குள் வண்டியை விடும்போதெல்லாம் பட்டாளத்தார் குனிந்து பின் சக்கரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஸ்டோருக்குள் போய்விடுவார். எதைத் திருடலாம் என்று அளவெடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

வைகாசியில் திருவேங்கடத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். இரண்டு நாள் போய்விட்டு வந்தேன். அந்த இரண்டு நாளும் வண்டி ஷெட்டில் நின்றது. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மாற்ற வேண்டியிருந்ததால் சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாகக் குனிந்து என் குறியைத் தேடினேன். ஒரு சக்கரத்தில் இல்லை. வண்டியை உருட்டச் சொல்லி எல்லாக் கட்டையையும் பார்த்தேன். நான்கு டயரிலும் இல்லை. கட்டைகளும் பாதியாகக் குறைந்து கிடந்தன.

பிடிபட்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அது சந்தோஷம்தான். கடைசியாகக் குறியை நான் பார்த்தது மாசி மாதம் என்பது அன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

முதலாளி வந்தார், கண்டக்டர் வந்தார், டீக்கடைக் கூட்டம் வந்தது. நான் குறி போட்ட கதையையும், நல்ல டயரை எஸ்டேட் லாரிக்குத் தள்ளிவிட்டு அதே மாதிரித் தேய்ந்ததை மாட்டிவிட்டார் என்பதையும் சொன்னேன். எல்லோரும் என் புத்திசாலித்தனத்தை மெச்சினார்கள். பட்டாளத்தாரின் முகம் சிவந்துவிட்டது.

"கட்டை மேலே போட்ட குறி எத்தனை நாளைக்கு நிக்கும் தம்பி? கட்டை தேய்ஞ்சா குறியும்லா சேந்து தேயும். இது அதே டயருதான். வெயிலுலே ஓட்டாதீகன்னு நான் தலையாலே அடிச்சுக்கிட்டேன்."

"ரெண்டு மூணு மாச வெயிலுலே டயரு இப்படித் தேயுமா?" என்றார் முதலாளி.

"இது தேயும் மொதலாளி. இதுக்குன்னு உள்ள ரப்பரு அப்படி. சந்தேகம்னா உள்பக்கச் சுவத்துலே நம்பரு அச்சடிச்சிருக்கு. ஏலச் சீட்டுலேயும் எழுதியிருப்பான். ரெண்டையும் வச்சுப் பாத்துருங்க."

ஏலச் சீட்டு அப்போது கையில் இல்லை. புது டயர் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டபோது அதையும் சேர்த்துத் திருநெல்வேலி ஆபீசுக்கு அனுப்பியிருந்தார்கள். சீட்டு வரட்டும் என்று முதலாளி சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நம்பரு என்ன பெரிய நம்பரு? சூட்டுக் கம்பியாலே கோடு போடத் தெரிஞ்சவனுக்கு நம்பரு போடத் தெரியாதா?"

கூட்டம் தலையாட்டியது. பனியில் விரல் போனது என்று கதை சொல்கிற ஆள் வேறு எதைத்தான் சொல்ல மாட்டான் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். பட்டாளத்தார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முதலாளி கையில் வைத்துவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மறு நாளிலிருந்து சாவி முதலாளி வீட்டு ஆணியில் தொங்கியது.

ஆனி இரண்டாவது வாரம் சாரல் விழுந்தது. முதல் சாரலுக்கே கூட்டம் சாய்ந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு வந்தார்கள். கடைவீதி தாண்டி அந்த இறக்க வளைவில் நான் வழக்கம்போல் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் திரும்பியது. பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு வெளியே போயிற்று. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. வளைவை ஒட்டிய ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பின்பக்கம் மோதி நின்றது. சுவர் இல்லாவிட்டால் நேரே ஓடைதான். ஏழெட்டுப் பேருக்குச் சிராய்ப்பு. அருவியில் குளிக்க வந்த ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுததை நான் பார்க்கப் பயந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏட்டு ஒருவர் வந்தார். செய்தி கேட்டு முதலாளியும் தென்காசியிலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. பின் சக்கரத்தைக் காட்டி ஏட்டிடம் சொன்னார்.

"நான் வாங்கினது புது டயரு. ஸ்டோருலே இருந்தவன் அதைத் திருடிட்டுத் தேய்ஞ்சதை மாட்டிட்டான். டிரைவர் மேலே தப்பே இல்லை. இந்தா சீட்டு, இப்பத்தான் திருநவேலியிலேருந்து வந்துச்சு. நம்பரு மாறியிருக்கும். எழுதிக்கிடுங்க. அந்தப் பட்டாளத்தானை உள்ளே வையுங்க."

ஏட்டு சீட்டை வாங்கி, குடைக்கடியில் பிடித்துக்கொண்டார். "சரி, டயரு நம்பரை ஒருத்தன் வாசிங்கப்பா," என்றார். நம்பர் உள்பக்கச் சுவரில் இருந்தது. வண்டிக்கு அடியில் செம்மண் சகதி. யாரும் நகரவில்லை. நான்தான் படுத்து உள்ளே ஊர்ந்தேன்.

டயரைக் கையால் துடைத்தேன். நம்பர் தெரிந்தது. முதல் காரியமாகக் கட்டைவிரலை அதன்மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், சூட்டுக் கம்பித் தழும்பு எங்கேயாவது தட்டுப்படுமா என்று. தட்டுப்படவில்லை. அச்சில் வார்த்த எழுத்து, விளிம்பு மழுங்காமல் அப்படியே இருந்தது. சீட்டில் என்ன நம்பர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த எழுத்தைத் தொட்ட விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சகதியில் மல்லாந்து கிடந்தபடி பங்குனி வெயிலும் சித்திரைத் தாரும் ஞாபகத்துக்கு வந்தன. என் குறியை ரோட்டில் தேய்த்து அழித்தவன் நான்தான்.

கடைசி எண்ணை மாற்றி வாசித்தால் போதும். என் லைசென்ஸ் பிழைக்கும், அவர் ஜெயிலுக்குப் போவார். வெளியே ஏட்டின் பூட்ஸும் முதலாளியின் செருப்பும் தெரிந்தன. நான் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். நல்லவன் என்பதால் வாசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஏட்டு குனிந்து சரிபார்த்துவிடுவாரோ என்று அந்த நிமிஷத்தில் ஒரு சந்தேகம் வந்தது, அதுவும் நிஜம். இரண்டில் எது என் வாயைத் திறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"திருப்பி வாசிலே," என்றார் முதலாளி. குரல் மாறியிருந்தது.

திருப்பி வாசித்தேன். நான்கையும் வாசித்தேன். நான்கும் சீட்டில் இருந்தன. வெளியே வந்தபோது முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏட்டு என் பெயரில் கேஸ் எழுதினார். பிறகு கோர்ட்டில் எச்சரித்து அபராதத்தோடு விட்டார்கள். டிரைவருக்கும் பஞ்சமான காலம், முதலாளி என்னை நிறுத்தவில்லை. ஆனால் விபத்துக்கு மறு நாளே, "நீயே போயி அவரைக் கூட்டிட்டு வா," என்று அனுப்பினார்.

பட்டாளத்தார் வீட்டு வாசலில் நின்று கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் பொருந்தியது, குறியை அழித்தது நான் ஓட்டிய ஓட்டம்தான், முதலாளி சாவியைத் திரும்பக் கொடுக்கிறார் என்பது வரை. சொல்லி முடித்து, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. 

"அந்த அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கட்டுப் போட்டிருக்கு."

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு சொன்னார்: "நான் களவாணி இல்லைன்னு நம்புததுக்கு உங்களுக்குச் சீட்டு வேணும், போலீசு வேணும், ஒரு பொம்பளை கையி ஒடியணும். களவாணின்னு நம்புததுக்கு ஒரு டீ குடிக்க நேரம்கூட ஆகலையே தம்பி. அங்கன வந்து நான் எப்படி ஒக்காருவேன்?"

 முதலாளியிடம் வந்து அவர் வர மாட்டார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று முதலாளி கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

ஐந்தாறு நாள் கழித்துத் தென்காசி ஸ்டாண்டில் வண்டி புறப்படுகிற நேரம், அவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை கிடைத்திருக்கிறதாம், செங்கோட்டையில் ரயில் ஏறப் போகிறார் என்று கண்டக்டர் சொன்னார். செங்கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தார். நல்ல சாரல். பின் சக்கரத்தில் அதே டயர்தான் ஓடியது, மாற்ற வேறு ஏது? வழியெல்லாம் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். குற்றாலத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. கடைவீதி தாண்டினதும், இறக்கத்துக்கு முன்னால், அவர் எழுந்து நின்று மணிக் கயிற்றை இழுத்தார்.

"செங்கோட்டைக்குல்லா டிக்கட்டு வாங்கினீக?" என்றார் கண்டக்டர்.

"இங்கன எறங்கிக்கிடுதேன்," என்றார் பட்டாளத்தார்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தக் காலை ஊன்றி ஊன்றி, வளைவின் ஓரமாக நடந்து இறங்கினார். வண்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது: அந்த டயரும் அந்த வளைவும். முதல் கியரில் ஊர்ந்து வளைவைக் கடந்து, பாலத்துக்கு அப்பால் வண்டியை நிறுத்தினேன். சாரலில் நனைந்தபடி அவர் வந்து சேர எவ்வளவோ நேரமானது. நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன்.

"வளைவு தாண்டிட்டு அண்ணாச்சி, ஏறிக்கிடுங்க."

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"நடந்தே போயிருதேன் தம்பி," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

செங்கோட்டை அங்கிருந்து மூன்று மைலுக்கு மேல். உள்ளே சீட்டில் சாய்ந்துகொண்டும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டும் இருந்தவர்கள் எல்லோரும், நான் ஏறி வண்டியை எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.